ஒன்று முதல் ஐந்து வரை

சென்னையிலிருந்து வந்தவர் நல்லவர்தான்.
ஆளுக்கொரு தாளும் பேனாவும் கொடுத்து,
பேனாவை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.
*கடந்த இரண்டு வாரங்களில்
நீங்கள் எவ்வளவு நலமாக உணர்ந்தீர்கள்?
ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடவும்.*
கஸ்பாவில் ஆரோன் எடுத்திருக்கும் அறை,
ஆஸ்பெஸ்டாஸில் ஐப்பசி மழை.
கேள்வியை அவர் இரண்டு தரம் கத்த வேண்டியிருந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு
இங்கேதான் எங்கள் சீட்டு.
பதினொரு பேர், தலைக்கு ஐந்நூறு.
பேங்கில் எங்களில் பாதிப் பேருக்குப்
பெயர் பொருந்தாது, மீதிப் பேருக்கு முகம்.
ஆரோன் ஆதாரில் இன்னும் ஆஷா.
நோட்டு என்னிடம்.
ராணிப்பேட்டையில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவள்,
ஒரு தையல் தப்பினால் ஜோடியே கழிவு
என்று தெரிந்தவள்.

இரண்டு வாரம் என்றால்
குமுதா விழுந்தது அதற்குள் வரும்.

நிறத்துக்கு ஒரு பேச்சு, நடைக்கு ஒரு பேச்சு,
காலனிக்கு ஒரு பேச்சு;
மூன்றுக்கும் சேர்த்து
ஒரே சிரிப்பு வைத்திருந்தவள்
காட்பாடியில் போர்வைக்குள் நடுங்கினாள்.
ஆட்டோ பாலத்தில் நகரவில்லை.
பாலாற்றில் தண்ணீர் வந்திருக்கிறதாம்,
ஊரே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தது.
குமுதா கண் திறந்து,
"என்னையும் தூக்கிக் காட்டுங்கடி" என்றாள்.
தூக்கிக் காட்டினோம்.
சிவந்து கலங்கி
யாருடைய வீட்டுக் கதவையோ
இழுத்துக்கொண்டு போனது ஆறு.

அடுக்கம்பாறையில்
நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்றது தாள்.
இம்தியாஸ் தம்பி என்று எழுதினான்.
ஆரோன் மகன் என்று எழுதினான்.
லில்லி அண்ணி, நான் தங்கை.
வார்டு அக்கா எண்ணிப் பார்த்து,
"அந்தம்மாவுக்கு அண்ணன் எங்கே?" என்றாள்.
அதை யாரும் யோசித்திருக்கவில்லை.

தட்டணு பதினெட்டாயிரம்.
ரத்த வங்கியில் இன்னொரு தாள்.
இம்தியாஸ் உண்மையை டிக் செய்தான்,
கதவு வரைக்கும் மரியாதையாகக் கொண்டுவிட்டார்கள்.
குமுதாவின் ஜமாத்திலிருந்து நாலு பேர்
வந்திருந்தார்கள், அவர்கள் ரத்தமும் வேண்டாமாம்.
எனக்கு ஹீமோகுளோபின் ஒன்பது.
கொடுக்க ஆசைப்பட்டவர்களெல்லாம்
வெளியே மழையில் நின்றோம்.

லில்லி கம்பெனிக்கு போன் போட்டாள்.
ஷிஃப்ட் முடிந்து
மூன்று பேர் பஸ் பிடித்து வந்தார்கள்,
கையில் பசை வாசனையோடு.
அதில் ஒருத்தி மரகதம்.
லில்லியும் நானும் ஒரே அறை என்று தெரிந்த நாள்
டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு
அடுத்த மேசைக்குப் போனவள்.
ஊசி குத்தும்போது "யாருக்கு?" என்றாள்.
"எங்க அக்காவுக்கு."
முடிந்ததும் ஜூஸ் பாக்கெட்டை உறிஞ்சியபடி
கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.
குமுதாவின் முகத்தில் இரண்டு நாள் தாடி.
"அவங்களா" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"நீங்க யாராச்சும் சாப்பிட்டீங்களா?"

திங்கட்கிழமை
மரகதம் மறுபடியும் தள்ளித்தான் உட்கார்ந்தாள்.
ஆனால் முன்னைவிட
ஓர் ஆள் இடம் கிட்டே.
இதற்கு எந்த எண்ணில் வட்டமிடுவது?

சென்னைக்காரர் தாள்களை வாங்க வந்தார்.
மூலையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த குமுதா
ஐந்தையும் வட்டமிட்டுக் கொடுத்தாள்,
பாவம், தூரத்திலிருந்து வந்திருக்கிறார் என்று.
நான் கொடுக்கவில்லை.
பின்பக்கம் வெறுமையாக இருந்தது.
நோட்டும் அன்றைக்குத்தான் தீர்ந்திருந்தது.

ஆட்டோ முந்நூற்றைம்பது.
கஞ்சி, இளநீர், ஒரு போர்வை.
மூன்று பேருக்குப் போகவர பஸ்.
மரகதம் வாங்க மறுத்த அறுபது ரூபாயைத்
தனியாக எழுதினேன்.
சீட்டை இந்த மாதம் குமுதாவுக்கே விட்டோம்.
அவள் வேண்டாம் என்றாள்,
பிறகு எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

இம்தியாஸ் இன்னும் பாக்கி.